ஸ்மார்ட் வாட்ச் தப்பாகக் காட்டினால், சும்மா சும்மா பூட்டிக்கொண்டால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, உடம்பை அளப்பது: நாடித் துடிப்பு, ஆக்சிஜன், தூக்கம், நடை. இன்னொன்று, கட்டியிருப்பவர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது. காலையில் ஒருமுறை பூட்டைத் திறக்கும் பின் எண் (PIN) போட்டுவிட்டால், கழற்றும் வரை அதே ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு போனைத் திறக்கும், கடையில் பணம் கட்டும், விழுந்துவிட்டால் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும்.

இந்த இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒரே இடம்தான்: வாட்சின் அடிப்பக்கம், பச்சை விளக்கு மினுக்கும் அந்தக் கண்ணாடி. பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடித்ததும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. அதே கண்ணாடிதான் ‘கையில் இருக்கிறேனா, மேஜையில் கிடக்கிறேனா’ என்பதையும் முடிவு செய்கிறது. தோல் ஒட்டியிருக்கிறதா, துடிப்பு தெரிகிறதா என்று பார்க்கும். அது யாருடைய தோல் என்பது அதற்குத் தெரியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதி, தோல் சரியாக ஒட்டாததால் வருபவை. மீதியில் பெரும்பகுதி, வாட்ச் ஒருவரை இன்னொருவராக நினைப்பதால் வருபவை.

எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். போனுக்கு இன்னும் போய்ச் சேராத அளவுகள் எல்லாம் அழிந்துவிடும். அதனால் சரியாகும் கோளாறும் மிகக் குறைவு. முதலில் வாட்சைக் கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், வியர்வை காய்ந்த உப்பு ஆகியவை மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்தது மணிக்கட்டு. கோயிலில் கட்டிவிட்ட கயிறு வாட்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு நூல் கனம் போதும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இடுக்கு வழியாக வெளி வெளிச்சம் உள்ளே வரும். கயிறு, வளையல், காப்பு எதுவாக இருந்தாலும் அது ஒரு கைக்கு, வாட்ச் மறு கைக்கு என்று பிரித்துவிடுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். கையை ஆட்டினால் வாட்ச் நகரக்கூடாது. கழற்றினால் ஆழமான தடம் பதிந்திருக்கவும் கூடாது.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் உங்கள் அறிகுறியைத் தேடிப் போங்கள்.

கையில் இருக்கும்போதே பின் எண் கேட்கிறது

வாட்ச் தன்னைக் கழற்றிவிட்டதாக நினைக்கிறது. பட்டை தளர்வாக இருப்பதுதான் முதல் காரணம். குறிப்பாகத் தூங்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் வாட்ச் நழுவி எலும்பின் மேல் ஏறிக்கொள்ளும். ஒரு ஓட்டை இறுக்குங்கள். அடுத்த ஓட்டை ரொம்ப இறுக்கமாகிவிடுகிறது என்றால் ஓட்டை வைத்த ரப்பர் பட்டையை விட்டுவிட்டு, ஒட்டிப் பிரிக்கும் துணிப் பட்டை வாங்கிப் போடுங்கள். தேவையான அளவுக்கு மட்டும் இறுக்க முடியும்.

இரண்டாவது காரணம் பச்சை குத்தியிருப்பது. 2015ல் முதல் ஆப்பிள் வாட்ச் வெளிவந்த சில நாட்களிலேயே, மணிக்கட்டில் பச்சை குத்தியவர்கள் இதே குறையைச் சொன்னார்கள். அடர் மை ஒளியைத் தின்றுவிடுகிறது, வாட்சுக்குத் தோலே தெரிவதில்லை. இதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை. மை இல்லாத கைக்கு மாற்றுங்கள். இரண்டு கையிலும் இருந்தால் உள் மணிக்கட்டில் திருப்பிக் கட்டிப் பாருங்கள்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: வாட்ச் கையில் இருக்கிறதா என்று பார்க்கும் ‘மணிக்கட்டு கண்டறிதல்’ வசதியையே அணைத்துவிடுவது. வயதானவர்களின் வாட்சில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆப்பிள் வாட்சில் அதை அணைத்தால் கழற்றியதும் பூட்டிக்கொள்வது மட்டும் நிற்பதில்லை. துடிப்பு எச்சரிக்கைகள் நின்றுவிடும். பலமாக விழுந்ததை வாட்ச் கவனித்தாலும் அவசர உதவிக்குத் தானாக அழைக்காது. கையில் ஆள் இருக்கிறாரா என்றே தெரியாதபோது அது யாருக்காக அழைக்கும்? பின் எண் தொல்லை போய்விட்டது என்று நிம்மதியாக இருப்போம், எதற்காக வாங்கிக் கொடுத்தோமோ அது வேலை செய்யாமல் கிடக்கும்.

ஓடும்போது துடிப்பு திடீரென 160, 170க்கு எகிறுகிறது

மெதுவாக ஓடுகிறீர்கள், மூச்சு வாங்கவில்லை, பேச முடிகிறது, வாட்ச் 168 என்கிறது. பெரும்பாலும் அது உங்கள் இதயத்தை எண்ணவில்லை, காலடியை எண்ணுகிறது. ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது சாதாரணம். ஒவ்வொரு அடிக்கும் கை அதிர்கிறது, தளர்ந்த வாட்ச் அந்த அதிர்வையே துடிப்பாக எடுத்துக்கொள்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நின்றுகொள்ளுங்கள். மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் உள்பக்கப் பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பதால் உடனே எண்ண வேண்டும். விரலில் 124 வருகிறது, வாட்ச் சற்று முன்பு 168 காட்டியது என்றால் வாட்ச்தான் தப்பு. ஓடும்போது மட்டும் வாட்சை இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றி, ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டுங்கள். துல்லியம் முக்கியம் என்றால் நெஞ்சுப்பட்டை வாங்குங்கள். அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின் அலையை நேராகப் பிடிக்கிறது.

விரலிலும் அதே 168 வந்தால் அதை வாட்ச் கோளாறு என்று ஒதுக்கக்கூடாது. அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால் நிச்சயமாகக் கூடாது. ஆப்பிள் வாட்ச், அசையாமல் இருக்கும்போது பத்து நிமிடம் 120ஐத் தாண்டினால் எச்சரிக்கை தரும். அந்த 120ஐ நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். தொந்தரவாக இருக்கிறதே என்று 150க்கு ஏற்றி வைப்பதற்கு முன், ஒருமுறை விரலால் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

எண்ணே வரவில்லை, விட்டுவிட்டு வருகிறது

குளிர்ந்த ஏசி அறையில் மணிக்கட்டு ரத்தக்குழாய்கள் சுருங்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். டூவீலரில் ஹேண்டில்பாரின் அதிர்வு அளவைக் கெடுக்கும், சில வாட்சுகள் அதை நடையாகவும் கணக்கு வைக்கும். பயண நேரத்து எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். தோலின் கருமை தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். நம்மில் பலருக்கு விளக்கு கூடுதலாக எரிந்தால்தான் அளவு கிடைக்கும். அதனால் நம் கையில் பட்டையின் இறுக்கம் இன்னும் முக்கியமாகிறது, பேட்டரியும் சற்று வேகமாக இறங்கலாம்.

காலையில் பார்த்தால் ஆக்சிஜன் 86 என்று இருக்கிறது

கை தலையணைக்கு அடியில் நசுங்கியிருந்தால் இப்படி வரும். வாட்ச் தளர்ந்திருந்தாலும் வரும். எழுந்து உட்கார்ந்து, கையை மேஜையில் இதய உயரத்தில் வைத்து, அசையாமல் மறுபடி எடுங்கள். உடல்நலமுள்ளவருக்கு 95 முதல் 100 வரை வரும். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பாருங்கள். நகப்பூச்சு, நகத்தில் மருதாணி இல்லாத விரலாக இருக்கட்டும்.

ஆனால் விரல் கருவியும் கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ரத்த ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்ததை ஆக்சிமீட்டர் தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது. ஆகவே எண் 95 என்று ஆறுதல் சொன்னாலும், மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் ஆளைத்தான் பார்க்க வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஈசிஜி எடுத்தால் ‘முடிவு தெளிவில்லை’ என்றே வருகிறது

எல்லா வாட்சிலும் ஈசிஜி கிடையாது. ஆப்பிளில் 2018ல் வந்த சீரிஸ் 4 முதல் இருக்கிறது, எஸ்இ மாடல்களில் இல்லை. ஒளியை வைத்துத் துடிப்பை எண்ணுவது வேறு, ஈசிஜி வேறு. வாட்சின் முதுகு ஒரு மின்முனை, ஓரத்துத் திருகோ பட்டனோ இன்னொரு மின்முனை. மறு கை விரலால் அதைத் தொட்டதும் இரண்டு கைகளுக்கு இடையே நெஞ்சு வழியாகச் சுற்று முழுமையாகிறது. அந்த 30 விநாடியும் சுற்று அறுபடக்கூடாது.

அதனால் இரண்டு முன்னங்கைகளையும் மேஜையில் கிடத்துங்கள். அந்தரத்தில் கையை நீட்டிக்கொண்டு எடுத்தால் தசை நடுக்கம் கோட்டைக் கெடுத்துவிடும். விரலை வையுங்கள், அழுத்த வேண்டாம். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருக்கும். மணிக்கட்டையும் விரலையும் லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். சார்ஜில் போட்ட லேப்டாப், மிக்ஸி பக்கத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். வாட்ச் கட்டியிருப்பது வலது கையா இடது கையா என்று செட்டிங்ஸில் இருப்பதும் நிஜமும் ஒன்றாக இருக்க வேண்டும். கையை மாற்றிக் கட்டியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் தெளிவில்லை என்றால் துடிப்பின் வேகத்தைப் பாருங்கள். 50க்குக் கீழே போனால் வாட்ச் முடிவு சொல்லாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரொலால் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு இப்படி இறங்குவது உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்களுக்கும் தெளிவான முடிவு வராமல் போகலாம். இதில் வாட்ச் பழுது எதுவும் இல்லை. அந்தக் கோட்டை பிடிஎஃப் ஆகச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ச் ஈசிஜி ஒரே ஒரு கோணத்தில் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 கோணம். வாட்ச் ஈசிஜியால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ‘இதயத் துடிப்பு இயல்பு’ என்று அது சொன்னதை நம்பி நெஞ்சுவலியோடு யாரும் வீட்டில் உட்காரக்கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995. வாட்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை எண்கள் நம்பும்படி இல்லை

சாம்சங் வாட்சில் ரத்த அழுத்தம் பார்க்க, கையில் சுற்றும் காற்றுப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அளவு ஒத்திசைக்க வேண்டும்; 28 நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். தேதி தாண்டியிருந்தால் அதுதான் காரணம். ஒத்திசைவே கேட்காமல் 120/80 என்று காட்டும் மலிவு கைப்பட்டையின் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஊசி குத்தாமல் சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. இன்சுலின் போடுபவர் தப்பான எண்ணை நம்பினால் உயிருக்கே ஆபத்து. இதைச் சரிசெய்ய வழி கேட்காதீர்கள், அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

வாட்ச் அப்பாவுடையது, ஆனால் எல்லாம் பிள்ளை பெயரில் இருக்கிறது

நம் வீடுகளில் இதுதான் அதிகம், இதைத்தான் யாரும் கோளாறாகப் பார்ப்பதில்லை. பிள்ளை வாட்ச் வாங்கி, அவசரத்தில் தன் அக்கவுண்ட்டிலேயே இணைத்து, அப்பா கையில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். அறிகுறிகள் வேறு வேறு மாதிரி வரும்: கலோரி கணக்கு ஒத்துப்போகவில்லை, தூக்கத்தில் இரண்டு பேர் கலந்தது போல் இருக்கிறது, விழுந்தும் வாட்ச் சும்மா இருந்தது.

கடைசி அறிகுறிதான் மோசமானது. ஆப்பிள் வாட்சில், அக்கவுண்ட்டில் இருக்கும் பிறந்த தேதிப்படி 55 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குத்தான் விழுவதைக் கண்டறியும் வசதி தானாக ‘ஆன்’ ஆகும். பிள்ளையின் தேதி இருந்தால் 72 வயது அப்பாவை 35 வயதுக்காரராக வைத்து வாட்ச் வேலை செய்யும். உடற்பயிற்சித் துடிப்பு வரம்பு, கலோரி எல்லாமே அந்த வயதுக்குத்தான் ஓடும். அவசரத் தொடர்பு எண்களும் பிள்ளையின் நண்பர்களுடையதாக இருக்கலாம்.

வாட்ச் இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாதா? சொல்லாது. பின் எண் போட்டவர்தான் கட்டியிருப்பவர் என்பது அதன் கணக்கு. உடம்பை வைத்தே ஆளை அடையாளம் காணும் கைப்பட்டைகளைச் செய்ய முயன்றிருக்கிறார்கள். கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய நைமி நிறுவனம் முதலில் இதயத்தின் மின் அலை வடிவத்தையே கடவுச்சொல்லாக வைத்தது. பின்னர் வந்த அதன் பேண்டில் விரல் ரேகையால் ஆளை உறுதிசெய்து, கையில் இருக்கும் வரை அந்த அடையாளத்தை வைத்துக்கொள்கிறார்கள். கையுறையும் முழு உடையும் போட்டுக்கொண்டு பாஸ்வேர்டு தட்ட முடியாத மருந்துத் தொழிற்சாலைகளில் அது பயன்படுகிறது. கடையில் நாம் வாங்கும் வாட்ச் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆகவே நாம்தான் சரிசெய்ய வேண்டும். வாட்சை இணைப்பிலிருந்து எடுத்து, அப்பாவின் போனில், அப்பாவின் அக்கவுண்ட்டில் புதிதாக இணையுங்கள். அவரிடம் ஐபோன் இல்லை என்றால், செல்லுலார் வசதியுள்ள ஆப்பிள் வாட்சைக் குடும்ப உறுப்பினருக்கு என்று பிள்ளையின் போனிலிருந்தே தனியாக அமைக்கலாம். அதில் ஈசிஜியும் ஆக்சிஜனும் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கை என்று நாலையும் அவரிடமே கேட்டு நிரப்புங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, உண்மையில் ஒரு தேதி என்றிருந்தால் உண்மையானதையே போடுங்கள்.

அப்புறம் மருத்துவ அடையாள அட்டை. ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கும்; பூட்டிய நிலையிலும் தெரியும்படி ‘ஆன்’ செய்து வையுங்கள். ஆப்பிள் வாட்சில் பக்க பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும். ஆண்ட்ராய்டு போனில் பூட்டுத் திரையில் அவசர அழைப்பு என்ற இடத்தில் இருக்கும். மணிக்கட்டில் இப்படி எழுதி வைப்பது புதிதல்ல. 1953ல் கலிபோர்னியாவின் டர்லாக் நகரில் ஒரு மருத்துவரின் மகளுக்கு டெட்டனஸ் மருந்தின் ஒவ்வாமை உயிரைப் பறிக்கப் பார்த்தது. அந்தக் குடும்பம் அவள் கைக்குச் செய்துபோட்ட எழுத்துப் பொறித்த சங்கிலியிலிருந்துதான் 1956ல் மெடிக்அலர்ட் அமைப்பு பிறந்தது. பேட்டரி தீர்ந்தாலும் அந்தச் சங்கிலி பேசும். அதனால் பென்சிலின் ஒவ்வாமை போன்ற ஆபத்து உள்ளவர்கள் வாட்சோடு நிற்காமல் பர்ஸில் ஒரு காகித அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்சைக் கணவன் பகலிலும் மனைவி காலை நடைக்கும் என்று பங்கு போட்டுக் கட்டுவது உண்டு. பணம் மிச்சம்தான், ஆனால் இரண்டு இதயங்களின் கணக்கு ஒரே ஏட்டில் கலந்துவிடும். மருத்துவரிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. ஏற்கெனவே கலந்திருந்தால் ஹெல்த் ஆப்பில் நாள் வாரியாகத் திறந்து, மற்றவர் கட்டிய நேரத்துப் பதிவுகளை அழிக்கலாம்.

போனுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்புதான் பெரும்பாலும் குற்றவாளி. ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் நிறுத்திவிடும். வாட்சின் ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்றும், தானாகத் தொடங்க அனுமதி உண்டு என்றும் வையுங்கள். அடி எண்ணிக்கை இரட்டிப்பாக வந்தால், போனும் வாட்சும் இரண்டுமே எண்ணுகின்றன, ஒன்றை நிறுத்துங்கள்.

அரிப்பு, தடிப்பு, சூடு

பட்டைக்கு அடியில் தங்கும் சோப்பும் வியர்வையும்தான் வழக்கமான காரணம். குளித்ததும் கழற்றி, தோலையும் பட்டையையும் துடைத்துக் காயவிடுங்கள். அரிப்பு நிற்கும் வரை மறு கைக்குக்கூட மாற்றாமல் கழற்றியே வையுங்கள். தோல் ஆறிய பிறகும் அதே பட்டையால் திரும்பத் திரும்ப வந்தால் அது பொருள் ஒவ்வாமை. 2014ல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் பேண்டையே இதற்காகத் திரும்பப் பெற்றார்கள். சார்ஜ் ஏறாவிட்டால் பின்பக்க உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். கடலோர ஊர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கை சுடும் அளவுக்குச் சூடானால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். கழற்றி ஓரமாக வையுங்கள், சார்ஜில் போடாதீர்கள், சர்வீஸில் கொடுங்கள். பேட்டரி சூடாகிச் சிலருக்குத் தீக்காயம் பட்டதால்தான் 2022ல் ஃபிட்பிட் அயோனிக் திரும்பப் பெறப்பட்டது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாட்சையும் அதன் காந்தச் சார்ஜரையும் நெஞ்சிலிருந்து 15 செ.மீ.க்கு மேல், சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ.க்கு மேல் தள்ளியே வைக்க வேண்டும். உடல் கொழுப்பு அளக்கும் வசதியை அவர்கள் தொடவே கூடாது. அது உடம்பில் சிறு மின்னோட்டத்தை விட்டு அளப்பது.

பழைய வாட்ச் வாங்கினேன், வேறொருவரின் அக்கவுண்ட் கேட்கிறது

ஆப்பிள் வாட்சில் இதற்கு வேறு வழி இல்லை. முன்பு வைத்திருந்தவர் தன் அக்கவுண்ட்டில் உள்ள சாதனப் பட்டியலிலிருந்து அதை நீக்கினால்தான் திறக்கும். திறந்து தருகிறேன் என்று காசு கேட்கும் கடைக்காரரிடம் போகாதீர்கள். விற்றவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய வாட்ச் வாங்கும்போது பெட்டியையும் சார்ஜரையும் பார்ப்பதற்கு முன், விற்பவர் கண்ணெதிரே இணைப்பை நீக்கி, முதல் வரவேற்புத் திரை வரும் வரை காத்திருந்து பணம் கொடுங்கள். நீங்கள் விற்பதாக இருந்தால், அளவுகள் போனில் சேர்ந்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டு, வாட்சும் போனும் பக்கத்தில் இருக்கும்போதே போனிலிருந்து இணைப்பை எடுங்கள். வாட்சை மட்டும் அழித்துக் கொடுத்தால் பூட்டு உங்கள் பெயரிலேயே நிற்கும்.